ருவாண்டாவில் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு வந்தவருக்கு: இஸ்லாமா, பெந்தெகொஸ்தேயா?

1994 இனப்படுகொலையில் நியமாத்தா, ந்தராமா தேவாலயங்களில் தஞ்சம் புகுந்த சிறுபான்மை இனத்தவரான துத்சிகள் அங்கேயே வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நியாங்கேயில் ஆலயத்தை மக்களோடு சேர்த்து இடித்த வழக்கில் பங்குத்தந்தை செரோம்பாவுக்கே ஆயுள் தண்டனை. அதற்குப் பிறகு பழைய பீடத்தின் முன் மண்டியிட முடியாதவர்கள் ஏராளம். அவர்கள் தயங்குவது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்.

நம்பிக்கை
இஸ்லாம்: கிகாலியின் பிரியோகோ பகுதி முஸ்லிம்கள் துத்சிகளை வீட்டில் ஒளித்துக் காத்தார்கள். பலர் மாறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனாலும் கொலையில் இறங்கிய முஸ்லிம்களும் உண்டு.
பெந்தெகொஸ்தே: 1994க்குப் பின் முளைத்த சபைகளுக்குப் பழைய கறை இல்லை, முன்பே இருந்தவற்றை விசாரித்துச் சேர வேண்டும்.

நுழைவு
இஸ்லாம்: ஷஹாதா என்ற விசுவாச உறுதிமொழியைச் சொல்லி, குளித்து, அன்றே தொழலாம். தடுமாற்றம் அரபியில்தான்; ஒவ்வொரு தொழுகையிலும் ஓதும் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவின் ஏழு வசனங்களை முதலில் மனப்பாடம் செய்யுங்கள்.
பெந்தெகொஸ்தே: வகுப்பு, பிறகு முழுக்கு ஞானஸ்நானம். ஜெபம் நாட்டு மொழியான கின்யர்வாண்டாவில்.

செலவு
இஸ்லாத்தின் கட்டாயத் தர்மமான ஜகாத் 2.5%, அதுவும் நிஸாப் என்ற குறைந்தபட்ச அளவைத் தாண்டிய சேமிப்பு ஓராண்டு நின்றால் மட்டும். பெந்தெகொஸ்தே சபைக்குத் தரும் தசமபாகம் வருமானத்தில் 10%. ஏழை விதவைக்கு இது கனம்.

குடும்பம்
இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். மனைவி மட்டும் இஸ்லாத்துக்கு வந்து கணவர் கிறிஸ்தவராகவே இருந்தால், மரபான ஃபிக்ஹின்படி (இஸ்லாமியச் சட்டவியல்) திருமணம் நீடிக்காது. ஷஹாதாவுக்கு முன்பே இமாமிடம் பேசுங்கள். பெந்தெகொஸ்தேயில் இந்த முறிவு இல்லை. வாழைப்பழ பீரான உர்வாக்வாவை இஸ்லாம் விலக்குகிறது, பெந்தெகொஸ்தே சபைகளும் பொதுவாக அப்படியே. கல்யாண வீட்டில் உறவினர் நீட்டும்போது சங்கடம்தான்.

ஒழுங்கான ஐவேளைத் தொழுகையும் அண்டை வீட்டார் துணையும் தேடுபவருக்கு, குடும்பமும் சேர்ந்து வந்தால், இஸ்லாம் பொருந்தும். தனியாக மாறும் மணமான பெண்ணுக்குப் பெந்தெகொஸ்தேயே எளிது. கொலைப்பழியை மறைக்க மாறுபவருக்கு இரண்டுமே உதவாது. இனப்படுகொலை வழக்குகளை விசாரித்த ஊர் மன்றங்களான கச்சாச்சா மதம் பார்த்துத் தீர்ப்பு எழுதவில்லை.