சீட்டை மட்டும் பார்த்து மருந்து கொடுக்காத கடை

சேலம் அஸ்தம்பட்டியில் ஏற்காடு சாலையை ஒட்டியிருக்கும் இந்தச் சிறிய மருந்துக் கடைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறேன். தள்ளுபடிக்காக அல்ல, யாருக்கு எந்த மருந்து போகிறது என்பதை நினைவில் வைத்திருக்கும் அவர்களுடைய அக்கறைக்காக.

மனச்சிதைவு நோய்க்கு ஹாலோபெரிடால் சாப்பிட்டுவரும் என் தம்பிக்கு, சித்திரை வெயிலில், மருந்தின் அளவைக் கூட்டிய சில நாள்களில் காய்ச்சல் கண்டது. வைரஸ் காய்ச்சல் என்று ஒரு கிளினிக்கில் எழுதித் தந்த பாராசிட்டமால் சீட்டை நீட்டியபோது, மாதந்தோறும் எங்களுக்கு மாத்திரை கொடுக்கும் மருந்தாளுநர் அம்மா, உடம்பு விறைத்திருக்கிறதா, பேச்சில் குழப்பம் உண்டா, வியர்த்துக் கொட்டுகிறதா என்று கேட்டார். கையை மடக்க முயன்றால் இரும்புக் குழாய்போல் வளைய மறுப்பதைச் சொன்னதும், அன்றிரவு ஹாலோபெரிடாலைக் கொடுக்க வேண்டாம், உடனே 108-ஐ அழைத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லி, மருந்தின் பெயரையும் அளவு கூட்டிய தேதியையும் ஒரு தாளில் எழுதித் தந்தார்.

அந்தத் தாளைப் பார்த்த அவசரப் பிரிவு மருத்துவர், 'நியூரோலெப்டிக் மேலிக்னன்ட் சிண்ட்ரோம்' என்று சந்தேகித்து, தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே. ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் செயலைத் தடுக்கும் இத்தகைய மருந்துகளால் அரிதாக, பெரும்பாலும் தொடங்கிய அல்லது கூட்டிய 2 வாரங்களுக்குள் வரும் இந்த நிலையில், சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைப் பழுதாக்கி உயிருக்கே உலை வைத்துவிடும். காரணமான மருந்தை நிறுத்துவதே முதல் சிகிச்சை. பிறகு சலைன் ஏற்றி, உடலைக் குளிர்வித்து, ஐ.சி.யூ.வில் கண்காணிக்கிறார்கள்; தேவைப்பட்டால் லோராசிபாம், புரோமோகிரிப்டின் போன்ற மருந்துகளையும் தருகிறார்கள். தம்பி தேறிவிட்டான். உடல் முழுதும் சீரான பிறகு 2 வாரத்துக்கு மேல் இடைவெளி விட்டு, வேறொரு மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கினார்கள்.

கை நடுக்கத்துக்கும் தூக்கக் கலக்கத்துக்கும் பயந்து வீட்டாரே மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பிவிடும் என்பதையும், காய்ச்சல், விறைப்பு, குழப்பம் சேர்ந்து வந்தால் மட்டும் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் அந்த அம்மா கேட்பவர்களுக்கெல்லாம் பொறுமையாக விளக்குகிறார்.

ஒரே குறை, மாலைக் கூட்டத்தில் தனியாகப் பேச இடமில்லை. மனநல மருந்தைப் பற்றி நாலு பேர் காதுபடக் கேட்கத் தயங்கி எத்தனையோ குடும்பங்கள் பேசாமல் திரும்பிவிடும் என்பதால், கல்லாவுக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்டுக் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும்.