துப்பாக்கியை சர்வீஸுக்குக் கொடுத்தால், என்ன எண்ணெய் போட்டார்கள் என்று கேளுங்கள்

நீலகிரியில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறோம். பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் பெற்ற பன்னிரண்டு போர் (bore, குழல் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று எங்களிடம் உண்டு. 2024 மார்ச்சில் நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்ததும் ஒப்படைக்கச் சொன்னார்கள். மலைக்குக் கீழே உரிமம் பெற்ற ஒரு கடையில் வைத்தேன். ஜூனில் திருப்பி வாங்கும்போது, "சும்மா கிடந்தா துரு ஏறும் சார், முழு சர்வீஸ் பண்ணியிருக்கோம்" என்று வாடகைக்கு மேல் 3,500 ரூபாய் வாங்கினார்கள். குழல் பளபளவென்று இருந்தது. நம்பிவிட்டேன்.

டிசம்பரில் உறைபனி விழுந்த ஒரு விடியற்காலை, தோட்டத்தில் பன்றிக் கூட்டம். ஒரு வெடி போட்டால் ஓடிவிடும். விசையை இழுத்தேன். டிக் என்ற சத்தம் மட்டும்தான். இரண்டாவது குழலும் அப்படியே. தோட்டா தாமதித்து வெடிக்கலாம் என்பதால், முனையை மண்மேட்டுப் பக்கமே பிடித்து, அரை நிமிடத்துக்கு மேல் பொறுத்துத் திறந்தேன். தோட்டாவின் அடியில், துப்பாக்கியின் ஊசி அடித்தால் பற்றிக்கொள்ளும் கேப்பில், ஊசி பட்ட குழி இருந்தது, ஆனால் ஆழமே இல்லை. அதற்குள் பன்றிகள் பாதிப் பாத்தியைக் கிளறிவிட்டன.

கடைக்குப் போன் செய்தால் "தோட்டா பழசு" என்றார்கள். புதுப் பெட்டி வாங்கினேன். காலையில் அதே கதை, மதிய வெயிலில் ஒழுங்காக வெடித்தது. சரி என்று கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். காலிக் கூட்டைப் போட்டு நான்கு முறை விசையை இழுத்துக் காட்டி, "நல்லாத்தானே இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் வேறு ஊரில், பழுது பார்க்க உரிமம் உள்ள ஒரு பெரியவரிடம் போனேன். அவர் முதலில் திருகுகளைப் பார்த்தார். "பள்ளத்துல பழைய அழுக்கு அப்படியே இருக்கு. இதைத் திறக்கவே இல்லையே தம்பி" என்றார். திறந்தார். ஊசியை அடிக்கும் சுத்தியலைச் சுற்றியும் ஊசி ஓடும் துளையிலும் கரியோடு குழைந்த பசை. விரலில் தொட்டு என் மூக்கருகே நீட்டினார். தேங்காய் எண்ணெய்!

மேலிருந்து ஊற்றிவிட்டுத் துடைத்திருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையும். எங்கள் ஊர்க் குளிரில் குளியலறைப் புட்டியே கல்லாகிவிடும். உறைந்த எண்ணெய்க்குள் ஊசி ஓடும்போது வேகம் செத்துப்போகிறது, கேப்பில் அடி விழுவதில்லை. கடை இருக்கும் வெயிலில் இது தெரியவே தெரியாது. அதனால்தான் என்னைப் பொய்யனாக்கி அனுப்ப முடிந்தது.

பெரியவர் எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, துப்பாக்கிக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெயைத் துளித்துளியாக மட்டும் வைத்தார். நல்ல எண்ணெயானாலும் அதிகமானால் கெடுதல்தானாம்: கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குழலில் தோட்டா உட்காரும் அறைக்குள் வழிந்தால் தோட்டாவின் கேப்புக்குள் ஊறி மருந்தைக் கெடுக்கும், நிமிர்த்தி வைத்தால் பின்கட்டை மரத்தில் இறங்கி அதை மெத்தென்று ஆக்கிவிடும்.

3,500 திரும்பி வரவில்லை. பில்லில் "சர்வீஸ்" என்ற ஒரே சொல்தான், என்ன செய்தார்கள் என்று ஒரு வரி இல்லை. இப்போதெல்லாம் ஒப்படைக்கும் முன் நானே குழலைச் சுத்தம் செய்து, திருகுகளை நெருக்கத்தில் படம் எடுத்து, "திறக்க வேண்டாம், எண்ணெய் விட வேண்டாம்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குகிறேன்.