கண்ணாடிக் கடையில் 11,800 ரூபாய் போச்சு: ப்ரோகிரசிவ் லென்ஸ் போடப் போகிறவர்கள் படியுங்கள்

"லென்ஸ்ல ஒண்ணும் இல்லக்கா, உங்க கண்ணுக்குத்தான் பழக மாட்டேங்குது." இன்று மதியம் அந்தக் கடையில் எனக்குக் கிடைத்த கடைசிப் பதில் இதுதான். 11,800 ரூபாயை எண்ணி வாங்கியவர்கள் சொல்கிற பதில். வீட்டுக்கு வந்து இன்னும் கை நடுங்குகிறது. மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்தில் யாராவது இப்படி ஒரு கடையில் அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் இதைப் படித்துவிட வேண்டும். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்றும் கடைசியில் சுருக்கமாக எழுதுகிறேன்.

நான் வீட்டிலிருந்தே துணி தைக்கிறவள். தூரப் பார்வைக்குக் கண்ணாடி முன்பே உண்டு, நாற்பது தாண்டியதும் வெள்ளெழுத்தும் சேர்ந்துகொண்டது. நூல் கோர்க்க ஒன்று, தெருவுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி மாட்ட முடியவில்லை, கிறிஸ்துமஸ் தையல் வேறு குவியப் போகிறது என்று இரண்டுக்கும் சேர்த்து ஒரே கண்ணாடியாக, ப்ரோகிரசிவ் லென்ஸ் போட்டுவிட நினைத்தேன். மார்த்தாண்டத்தில் ஏசி போட்ட, கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய கடை. கண் பரிசோதனை இலவசம் என்று போர்டு.

கவுண்டரில் நின்ற பையன் அவ்வளவு மரியாதை. அக்கா என்ன வேலை பாக்கீங்க, எவ்வளவு நேரம் குனிஞ்சு தைப்பீங்க என்றெல்லாம் கேட்டான். பிறகு போனை எடுத்து அவன் அம்மா கண்ணாடி போட்டிருக்கிற படத்தைக் காட்டினான். "எங்க அம்மைக்கும் இதே லென்ஸ்தான் போட்டுக் குடுத்திருக்கேன், நீங்க ஒண்ணும் பயப்படாண்டாம்." அந்த இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. பெற்ற தாயைச் சொல்லி ஒருவன் பொய் பேசுவானா? பெரிய கம்பெனியின் உயர்ந்த வகை லென்ஸ், ஃபிரேமோடு 11,800 என்றான். கொடுத்தேன்.

ஃபிரேமைத் தேர்ந்தெடுத்ததும் அதை அப்படியே டப்பாவில் போட்டு உள்ளே கொண்டுபோய்விட்டான். இதை நன்றாகக் கவனியுங்கள். ப்ரோகிரசிவ் லென்ஸில் மேலே தூரம், நடுவில் கம்ப்யூட்டர் தூரம், கீழே வாசிப்பு என்று பவர் படிப்படியாக மாறும், கோடு தெரியாது. அதனால் ஃபிரேமை முகத்தில் மாட்டி, நேராகப் பார்க்கச் சொல்லி, கருவிழி எங்கே வருகிறது என்று ஃபிரேமோடு வருகிற டம்மி கண்ணாடியில் பேனாவால் புள்ளி வைத்து உயரத்தை அளக்க வேண்டும். மெஷினில் வருகிற இரண்டு கண்களுக்கு இடையிலான அளவு மட்டும் போதாது. எனக்கு எந்தப் புள்ளியும் வைக்கவில்லை.

கண்ணாடி வந்தது. மாட்டினால் வள்ளத்தில் நிற்கிற மாதிரி தரை ஆடுகிறது. பஸ் படியில் கால் வைக்கவே பயம். சரி, புதுக் கண்ணாடிக்கு அது சகஜம், ஓரங்கள் கலங்கும், தலையைத் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும், ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகும் என்பது உண்மைதான். ஆனால் துணியில் போட்ட சாக்பீஸ் கோடு தெரிய நான் தாடையைத் தூக்க வேண்டியிருந்தது, பின்னங்கழுத்து வலி, இடது கண்ணுக்கு மேலே விடாத தலைவலி. இது பழகிப் போகிற விஷயம் இல்லை.

போய்ச் சொன்னால் "செரியாயிரும், ஒரு வாரம் போடுங்க". மறுபடி போனால் "ரெண்டு வாரம் ஆகட்டும்". அப்புறம் லேபில் கேட்க வேண்டும், மேனேஜர் லீவு, போன் எடுப்பதே இல்லை. முடிவில், டெலிவரி எடுத்து ஒரு மாதம் தாண்டிவிட்டதாம், இனி மாற்ற முடியாதாம்! பழகட்டும் பழகட்டும் என்று அந்த ஒரு மாதத்தைக் கடத்தியதே அவர்கள்தானே.

நாகர்கோவிலில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் காட்டினேன். அங்கிருந்த பெண் லென்ஸை மெஷினில் வைத்துப் பார்த்தார். பவர் சரி, ஃபிட்டிங் உயரம், அதாவது புள்ளி வைத்து அளக்க வேண்டிய அந்த உயரம், நன்றாகக் கீழே போயிருக்கிறது, இடது பக்கம் மையமும் விலகியிருக்கிறது என்றார். பிறகு லென்ஸில் வாயால் ஊதிக் காட்டினார். மங்கும்போது 34 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு சின்னக் குறியும், கீழே வாசிப்பு பவரின் எண்ணும், கம்பெனியின் அடையாளமும் தெரியும். தெரிந்த அடையாளம் அவன் சொன்ன கம்பெனியே இல்லை. பில்லை எடுத்துப் பார்த்தால் வெறும் "ப்ரோகிரசிவ் லென்ஸ்" என்று மட்டும்தான் இருக்கிறது, கம்பெனி பெயர் கிடையாது. 11,800 ரூபாய்! எத்தனை பிளவுஸ் தைத்தால் அந்தக் காசு வரும் என்று தையல்காரர்களுக்குத் தெரியும்.

விவரமாக எழுத இப்போது மனசு ஓடவில்லை. இதை மட்டும் செய்யுங்கள்: முகத்தில் ஃபிரேமை மாட்டிப் புள்ளி வைக்காத கடையில் ப்ரோகிரசிவ் போடாதீர்கள். லென்ஸ் கம்பெனி, வகை, எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாங்கும்போதே ஊதிப் பாருங்கள். பழகவில்லை என்றால் வாயால் சொல்லிவிட்டு வராமல் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள், தேதி இருக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணிப் புகார் கொடுக்கலாம், நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் வரை உள்ள பொருளுக்கு அங்கே புகார் கட்டணம் கிடையாது. நான் கொடுக்கப் போகிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லைத் தூரப் போட்டுவிடாதீர்கள்.