ஏழு வருட லேப்டாப்பும் மூன்று சாவுகளும்

இந்த லேப்டாப்பை வாங்கி ஏழு வருடமாகிறது. இதுவரை மூன்று தடவை மண்டையைப் போட்டிருக்கிறது. மூன்றிலும் புது பாகம் என்று நான் வாங்கியது ஒரே ஒரு பட்டன் செல்.

முதல் தடவை, பட்டனை அழுத்தினால் லைட்டுகூட எரியவில்லை. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடித்தேன். மறுபடி சார்ஜரைச் சொருகியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஆன் ஆனது. போர்டில் தேங்கி நிற்கும் சார்ஜ் வடிந்து, பவரைக் கவனிக்கும் சிப் முதலிலிருந்து தொடங்குவதற்கான வழி இது. லைட்டே வராவிட்டால் இன்றும் முதலில் இதைத்தான் செய்வேன்.

இரண்டாவதுதான் ஆட்டிப் படைத்தது. லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கருப்பு. டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பார்த்தேன். மங்கலாகப் படம் தெரிந்தால் பேக்லைட் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) போயிருக்கிறது என்று அர்த்தம். தெரியவில்லை. எச்டிஎம்ஐ வழியாக டிவியில் இணைத்தேன், அதிலும் ஒன்றுமில்லை. கேப்ஸ் லாக்கைத் தட்டினால் அதன் விளக்கும் அசையவில்லை. அப்படியென்றால் கோளாறு திரையில் இல்லை, மெஷின் தொடங்கவே இல்லை. சர்வீஸ் சென்டரில் மூடியைக்கூடத் திறக்காமல் "மதர்போர்டு போச்சு சார்" என்றார்கள். கோபத்தில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் பின்மூடியைக் கழற்றி, முதல் வேலையாக பேட்டரி கனெக்டரை எடுத்தேன். ரேம் என்ற நினைவகப் பலகையின் இரு பக்கக் கொக்கிகளையும் விலக்கினால் அது தானாகவே சாய்ந்து எழும்பும். தங்க நிறக் கால்களில் மங்கலாக ஒரு படலம். பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளைப் பிரஷ்ஷால் தட்டினேன். (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இருந்தால் அதுவே மேல், ரப்பர் தங்கப் பூச்சை உரசிவிடும்.) இரண்டு ரேமில் ஒன்றை மட்டும் சாய்வாகச் சொருகி, 'டக்'கென்று சத்தம் வரும்வரை அமுக்கினேன். ஆன் செய்தபின் கொஞ்ச நேரம் கருப்பாகவே நின்று வயிற்றைக் கலக்கியது. பிறகு லோகோ வந்தது. இன்னொன்றையும் போட்டேன், அதுவும் ஓடியது.

மூன்றாவது தடவை லோகோ வந்தது, விண்டோஸ் வரவில்லை. பூட் ஆக, அதாவது விண்டோஸைத் தொடங்க, டிஸ்க் இல்லை என்று செய்தி. டிஸ்க்கான எஸ்எஸ்டி போய்விட்டது என்றே நினைத்தேன். விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் செட்டிங்கில் நுழைந்தால் தேதி பல வருடம் பின்னால் நிற்கிறது. உள்ளே இருந்த 3 வோல்ட் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்து, செட்டிங் எல்லாம் பழையபடி மாறியிருந்தது. லெகசி என்ற பழைய பூட் முறையில் இன்ஸ்டால் செய்த டிஸ்க்கை யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? செல்லை மாற்றி, லெகசிக்குத் திருப்பியதும் சரியானது. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருப்பவர்கள் பயாஸில் கை வைக்கும் முன் 48 இலக்க ரெகவரி கீயைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்டு நின்றால், கீ இல்லாமல் உள்ளே போக வழியில்லை.

இப்போது சில நாளாக டச்பேட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு வருகிறது. கீழே பேட்டரி உப்பியிருக்கிறது. ரேமில் காட்டிய வீரத்தை இதில் காட்டப்போவதில்லை. குத்துப்பட்டால் தீப்பிடிக்கிற சாமான். சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டேன், நாளை வேறு ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போகிறது.