சியோல் நகரப் பேருந்துகள்: நான்கு முறை வண்டி மாறினாலும் ஒரே பயணம்

சியோலில் தங்கியிருந்த நாட்களில் சுரங்க ரயிலைவிட நகரப் பேருந்தையே நான் அதிகம் நாடினேன். வண்டி மாறும்போது மீண்டும் முழுக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை என்பதே அதற்கு முதற்காரணம். ஏறும்போதும் இறங்கும்போதும் டி-மணி எனும் முன்பணப் பயண அட்டையைக் கருவியில் காட்டிவிட்டால், இறங்கிய 30 நிமிடத்துக்குள் வேறு தடப் பேருந்திலோ சுரங்க ரயிலிலோ ஏறுவது முதல் பயணத்தின் தொடர்ச்சியாகவே கணக்கிடப்படுகிறது. மொத்தத் தொலைவு 10 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு, 5 கிலோமீட்டருக்கு 100 வோன் வீதம் கூடுகிறது. இறங்கும்போது அட்டையைக் காட்ட மறந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. புதியவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

கொரிய மொழி அறியாத எனக்கு வண்டியின் நிறமும் எண்ணும் பெருந்துணையாக இருந்தன. நீலம் நகரின் நெடுந்தடங்களுக்கும், பச்சை உள்ளூர் இணைப்புக்கும், சிவப்பு புறநகர் விரைவு வண்டிகளுக்கும் உரியவை. நீல வண்டியின் முதல் இலக்கம் புறப்படும் மண்டலத்தையும், இரண்டாவது இலக்கம் சேரும் மண்டலத்தையும் குறிக்கும் என்பதால், 472 என்றால் கங்னம் அடங்கிய 4-ஆம் மண்டலத்துக்கும் வடமேற்கிலுள்ள 7-ஆம் மண்டலத்துக்கும் இடையே ஓடுவது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது.

இந்த ஒழுங்கு 2004 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு தனியார் நிறுவனங்கள் பயணிகள் தரும் காசை நம்பியே வண்டி ஓட்டியதால், கூட்டம் மிகுந்த சாலைகளில் ஒன்றையொன்று முந்திப் பாய்ந்தன. அன்றைய மேயர் லீ மியூங்-பாக்கின் நிர்வாகம் அவற்றை விலைக்கு வாங்கவில்லை; வண்டியையும் ஓட்டுநரையும் அவர்களிடமே விட்டுவிட்டு, வழித்தடத்தையும் அட்டவணையையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, வசூலைப் பொதுத் தொகுப்பில் சேர்த்து, ஓடிய தொலைவைக் கணக்கிட்டுப் பணம் தந்தது. ஒரு பயணிக்காக இரண்டு ஓட்டுநர்கள் மோதிக்கொள்ளும் தேவையை அகற்றிய இந்த ஏற்பாடுதான், சாலை நடுவே பேருந்துகளுக்கென அமைத்த தனித் தடங்களைவிடவும் முக்கியமான மாற்றம் என்பது என் உறுதியான கருத்து.

எனினும், எண், நிறம், கட்டணம், அட்டை அனைத்தையும் ஒரே நாளில் மாற்றியது தவறு. அட்டைக் கருவிகள் பழுதாகி நகரமே திணறியது; மேயர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. கருவிகளைச் சில வழித்தடங்களிலாவது முன்னரே முழுமையாகச் சோதித்திருக்க வேண்டும். இழப்பை மாநகரம் ஈடுகட்டும் என்ற உறுதியால், செலவைக் குறைக்கும் அக்கறை நிறுவனங்களிடம் தளர்ந்ததும், மானியச் சுமை ஏறியதும் இன்னும் தீராத குறைகள்.

இரவில் தாமதமாகத் திரும்புவோர், 2013-இல் தொடங்கிய, 'N' என்ற ஆங்கில எழுத்துடன் ஓடும் நள்ளிரவுப் பேருந்துகளைத் தயங்காமல் பயன்படுத்தலாம். பின்னிரவில் கைப்பேசி அழைப்புகள் எங்கெங்கே மிகுந்திருந்தன என்று ஆராய்ந்தே அவற்றின் தடங்களை வகுத்தார்கள்.