டூவீலர் இன்சூரன்ஸ் தளம்: விலை சரி, படிவம் சரியில்லை (5-க்கு 2)

உசிலம்பட்டியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். வண்டி இன்சூரன்ஸ் புதுப்பிக்க தினமும் நாலைந்து பேர் வருவார்கள். நான் அதிகம் பயன்படுத்தும் ஒரு கம்பெனி (பெயர் வேண்டாம்) இந்த வருஷம் தளத்தை மாற்றியது. பிரீமியம் குறைவு, பணம் கட்டிய கையோடு பாலிசி மெயிலுக்கு வந்துவிடும். அதில் குறையே இல்லை.

படிவம்தான் பாடாய்ப் படுத்துகிறது. கட்டங்களுக்கு மேல் தலைப்பே கிடையாது. 'உரிமையாளர் பெயர்', 'நாமினி பெயர்' எல்லாம் கட்டத்துக்குள்ளேயே வெளிறிய சாம்பல் எழுத்தில், அதாவது பிளேஸ்ஹோல்டராக இருக்கிறது. ஓர் எழுத்து தட்டியதும் மறைந்துவிடும்.

போன மாதம் ஓர் அக்கா கணவரின் வண்டிக்காக வந்தார். முதலில் தன் பெயரைச் சொன்னார், அடித்தேன். அப்புறம் கணவர், அதாவது அண்ணன் பெயர். அதற்குள் ஓடிபி வந்து, பையில் போனைத் தேடி எடுத்து, மறுபடி திரையைப் பார்த்தால் அடுத்தடுத்து இரண்டு பெயர்கள். எது எந்தக் கட்டம்? அடித்ததை அழித்தால்தான் தெரியும். பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். சரியாகத்தான் இருக்கும் என்று அனுப்பிவிட்டேன். பாலிசியில் அக்கா உரிமையாளர், அண்ணன் நாமினி! திருத்தி வாங்க 9 நாள் ஆனது. போலீஸ் மறித்தால் என்ன சொல்வது என்று அண்ணன் அத்தனை நாளும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனார். எனக்கு மனசே ஆறவில்லை.

வண்டி எண் கட்டத்தில் 'டிஎன்01ஏபி1234' என்று மாதிரி காட்டுகிறார்கள். இடைவெளி, கோடு வேண்டாம் என்பது பார்த்ததும் புரிகிறது. பிளேஸ்ஹோல்டர் இதற்குத்தான். ஆனால் ஒரு பெரியவர் பதறிப்போய், "அது என் நம்பர் இல்லையேப்பா, யாருதோ கிடக்கு" என்றார். முன்னால் 'உதாரணம்' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்.

நான் கொஞ்ச நாள் வெப் டிசைன் படித்தவன். லேபிளுக்கு, அதாவது கட்டத்தின் தலைப்புக்குப் பதிலாக பிளேஸ்ஹோல்டரை வைக்கக் கூடாது என்று, வெப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல் விதிமுறையிலேயே இருக்கிறது. தலைப்பைக் கட்டத்துக்கு மேலே ஏற்றுவது ஒரு நாள் வேலைகூட இல்லை. இரண்டு முறை மெயில் போட்டும் பதில் இல்லை.

இப்போதைக்கு காலிப் படிவத்தை பிரிண்ட் எடுத்து மானிட்டர் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். அனுப்பு பட்டனை அழுத்தும் முன் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்க்கிறேன்.