டி8எச்: கேட்டர்பில்லரின் பழைய டோசர்

கேட்டர்பில்லர் டி8எச் 1958-இல் வந்த டோசர், மண் தள்ளும் செயின் வண்டி. சாவியைத் திருப்பிக் கிளப்பிப் பழகியவர்களுக்கு ஸ்டார்ட் பண்ணுவதே பொறுமையைச் சோதிக்கும். நான் ஓட்டியது, பெரிய டீசல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவே தனியாக ஒரு சின்ன பெட்ரோல் எஞ்சின் வைத்த மாடல். முதலில் அதைக் கிளப்பி, இரண்டையும் இணைக்கும் பல்சக்கரமான பினியனைக் கோர்த்து, சிலிண்டரில் அழுத்தம் சேராதபடி கம்ப்ரஷனைத் திறந்துவிட்டு டீசல் எஞ்சினைச் சுற்றவிட வேண்டும். குளிரில் இது வசதிதான்: சின்ன எஞ்சின் ஓட ஓட பெரியதும் சூடேறும், ஆயிலும் மேலே வந்துவிடும். பேட்டரி செத்தாலும் கவலை இல்லை, கயிறு சுற்றி இழுக்கலாம்.

முன்னால் மண் தள்ளும் பிளேடு விஷயத்தில் கேபிள் வைத்ததை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கேபிள் தூக்கும், அவ்வளவுதான். இறங்குவது பிளேடின் சொந்த எடையில். கெட்டித் தரையில் சும்மா வழுக்கிக்கொண்டு போகும். ஹைட்ராலிக் என்றால் அமுக்கிப் பிடிக்கலாம்.

இப்போது வாங்குகிறவர்கள் பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள், செலவு வைப்பது அண்டர்கேரேஜ், அதாவது செயினும் அதற்குள் உருளும் ரோலர்களும் இருக்கும் அடிப்பகுதி. எங்கள் பழைய கான்ட்ராக்டர் வேலை முடிந்ததும் ஒவ்வொரு ரோலரையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். ஒன்று மட்டும் கொதித்தால் அதில் ஆயில் போய்விட்டது, சீல் மாற்றாமல் மறுநாள் வண்டி நகராது. நீங்களும் அரைமணி நேரம் ஓட்டவிட்டு அப்படியே தொட்டுப் பாருங்கள். அப்புறம் விலை பேசலாம்.